ஜெகதளாவிலிருந்து வந்த பழைய வண்டி

ஒர்க்‌ஷாப்பை உங்கள் கையில் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, நான் சரிசெய்த வண்டிகளைவிட அவற்றைக் கொண்டுவந்தவர்களின் முகங்கள்தான் அதிகம் நினைவுக்கு வருகின்றன. கார்புரேட்டரை எப்படிக் கழுவுவது, பிளக் இடைவெளியை எப்படி வைப்பது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள். போனைத் திறந்தால் வீடியோ இருக்கிறது. வீடியோவில் கிடைக்காத ஒன்றைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒரே ஒரு வண்டியின் கதை போதும்.

குன்னூரில் நான் கடை நடத்திய கடைசி வருடங்களில் ஒருநாள், பிக்கப் வேனில் கயிறு கட்டிப் படுக்கவைத்து ஒரு பழைய சின்ன மோட்டார் சைக்கிள் வந்து இறங்கியது. டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றி ஓட்டுவோமே, அந்த வகை. பெயின்ட் எந்த நிறம் என்றே தெரியவில்லை. சைலென்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஏர் ஃபில்டரைத் திறந்தால் எலி தன் குடும்பத்துக்குப் பஞ்சு மெத்தை போட்டு வைத்திருந்தது. கிக்கரை மிதித்துப் பார்த்தேன். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. இன்ஜின் ஜாம்.

கூடவே வந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. பெயர் கமலம். ஜெகதளாவில் வீடு. அங்கிருந்து மேலே ஏறும் ஒரு எஸ்டேட்டில், குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. வண்டி அவருடைய வீட்டுக்காரருடையது. அவர் உடம்புக்கு முடியாமல் இறந்துபோன பிறகு வீட்டுப் பின்புறம் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியதுதானாம்.

இப்போதெல்லாம் இந்த மாதிரி வண்டிகளைப் பளபளப்பாக்கி மசினகுடி ரிசார்ட்டுகளில் வரவேற்பறையில் நிறுத்துகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கேட்டேன்.

"அழகுக்கு நிறுத்தறதுக்குங்களா அம்மணி?"

"இல்லீங்கண்ணா. ஓட்டறதுக்கு."

"யாரு ஓட்டறதுக்குங்க?"

"நாந்தானுங்க."

நான் சிரிக்கவில்லை. ஆனால் என் முகத்தில் ஏதோ ஓடியிருக்க வேண்டும். "லைசென்ஸ் இருக்குதுங்க. காலாவதியாகாம புதுப்பிச்சுத்தான் வெச்சிருக்கறேன்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தேவை என்ன என்பதை மட்டும் சொன்னார். எஸ்டேட்டுக்கு விடிகாலையில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இலை பறிக்கப் போகும் பெண்கள் தேயிலைக் காட்டுக்குள் இறங்குவதற்கு முன்னால் காப்பகம் திறந்திருக்க வேண்டும். கைக்குழந்தையை யாரிடமாவது கொடுத்தால்தானே கூடையை மாட்ட முடியும்? அதனால் கமலம் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேயிலைக் குறுக்குவழியில் நடந்து போய்க்கொண்டிருந்தார். அந்த வழியில் கரடி உண்டு, காட்டெருமை உண்டு. இந்த மலையில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

"முடியுங்களா?" என்று கேட்டார்.

"தொறந்து பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவருடைய மகன் வந்தான். பிரபு. கோயம்புத்தூரில் கம்பெனி வேலை. நல்ல பிள்ளை. என்னைப் பேக்கரிக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் டீயைத் தொடாமலே பேசினான்.

"மாமா, அந்த வண்டி ஓடாதுன்னு சொல்லிருங்க."

"ஏனுங்க தம்பி?"

"அம்மாவை என்கூட வந்து இருன்னு எத்தனை தடவை கூப்பிட்டுட்டேன். வேலையை உட மாட்டீங்கறாங்க. இப்ப பஸ்ஸும் இல்ல. வண்டியும் ஆகாதுன்னா, வேற வழியில்லாம வந்துருவாங்க. இந்த ரோட்டுல, இந்த மூடுபனியில, இந்த வயசுல... எனக்குத் தூக்கமே வர்றதில்லீங்க மாமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா நம்புவாங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. இவனிடம் எனக்குக் கோபம் வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவைப் பறிகொடுத்தவன். மிச்சமிருக்கும் ஒருத்தரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான். அதில் என்ன தப்பு?

எனக்குச் சபலமும் வந்தது. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்ஜின் ஜாம் என்பது உண்மை. பாகங்கள் கிடைக்காது என்பதும் ஏறக்குறைய உண்மை. நான் கொஞ்சம் குறைவாக முயன்றாலே போதும், வண்டி தானாகவே 'ஓடாத வண்டி' ஆகிவிடும். நம் தொழிலில் மிகச் சுலபமான பொய் அதுதான். வாயால் எதுவும் சொல்ல வேண்டாம், ஸ்பேனரைச் சீக்கிரம் கீழே வைத்தால் போதும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

டீ ஆறும்வரை யோசித்தேன். பிறகு சொன்னேன்: "தம்பி, நான் செஞ்சு பாக்கறேன். முடிஞ்சா முடிஞ்சதும்பேன், முடியலைன்னா முடியலைம்பேன். உங்ககிட்டச் சொல்றதையேதான் உங்கம்மாகிட்டயும் சொல்லுவேன். ஆனா ஒண்ணு. உங்க பயம் நியாயமான பயம். அதனால இன்ஜினைவிட பிரேக்கைத்தான் மொதல்ல பாக்கப் போறேன். ஓட்டிப் பாக்கற அன்னைக்கு நீங்களும் வாங்க. உங்க கண்ணால பாருங்க."

அவன் எழுந்து போய்விட்டான். அவன் என்னைக் கேட்காமலிருந்தால் நான் பிரேக்கை அவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பேனா என்று இப்போதும் சந்தேகம்தான். அந்தப் பையனுடைய பயத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இன்ஜின் வேலையை நீளமாகச் சொல்லப் போவதில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. சுத்தியல் வைத்துத் தட்டினால் ஒரு நிமிடத்தில் வந்திருக்கும், உடைந்து வந்திருக்கும். பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி, பொறுத்திருந்து, மறுபடி ஊற்றி, மறுபடி பொறுத்திருந்தேன். கமலம் வேலை முடிந்து இறங்கும்போதெல்லாம் கடைக்கு வந்து எட்டிப்பார்ப்பார். "இன்னைக்கு அசைஞ்சுதுங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒருநாள்கூட அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவர் சேலை ஓரத்தில் தேயிலைப் பாதையின் ஈரமும் செம்மண்ணும் இருக்கும். அதைப் பார்த்து எனக்குள்ளேதான் அவசரம் வந்தது. கடைசியில் ஒரு காலையில் கிக்கரை மெல்ல அழுத்தியபோது மயிரிழை நகர்ந்தது. அன்று எனக்குப் பேரக்குழந்தை பிறந்த சந்தோஷம்.

சிலிண்டரைச் சுத்தம் செய்து, அதே பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டுப் பொருத்தியாயிற்று. அடுத்தது பின் சக்கரத்தின் பிரேக் டிரம். உள்பக்கம் தேய்ந்து கோணலாகியிருந்தது. கடைசல் போட்டால் வட்டம் சரியாகிவிடும் என்று நினைத்து, நான் எப்போதும் போகும் லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அந்தக் கடைசல்காரர் என் வயதுக்காரர். சிலோனிலிருந்து திரும்பிவந்த குடும்பம், வந்து குடியேறியது நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டில். தன் பெயரை எங்கேயும் சொல்லக்கூடாது என்பார், அதனால் சொல்லவில்லை.

டிரம்மை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். விரலால் உள்ளே தடவினார். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"நான் கடைய மாட்டேன்."

"ஏனுங்க?"

"இதுல மயிர் மாதிரி ஒரு விரிசல் ஓடுது பாருங்க. கடைஞ்சா இன்னும் மெலிஞ்சு போகும். ஏத்தத்துல ஒண்ணும் ஆகாது. எறக்கத்துல சூடேறி வெடிச்சுச்சுன்னா அந்தம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. வேறு டிரம் எங்கே கிடைக்கும்? இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு வளையத்தில் வந்து நின்றுவிட்டதே என்று. "லேசா ஒரு சுத்து கடைஞ்சாப் போதும், மெதுவாத்தான் ஓட்டுவாங்க" என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அது. மலையில் இருந்துகொண்டு 'மெதுவாகத்தான் ஓட்டுவார்கள்' என்று சொல்லி எந்த வேலையையும் முடிக்காதீர்கள். நாம் மெதுவாகப் போனாலும் இறக்கம் நம்மை வேகமாக இழுக்கும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மெஷினை நிறுத்தினார். "வேற வேலை இருந்தா குடுங்க, செஞ்சு தாரேன். இத மட்டும் கேக்காதீங்க" என்றார். நான் டிரம்மை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தேன்.

கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். ஈரோட்டில் ஒருவரிடம் சொல்லிவைத்தேன். கிடைக்கவில்லை. கமலத்திடம் போய், "அம்மணி, இன்ஜின் ரெடி. ஆனா பிரேக் இல்லாம வண்டியைக் குடுக்க மாட்டேன். டிரம் கிடைக்கலீனா இந்த வண்டி ஓடாது" என்று சொல்லிவிட்டேன். அவர் வண்டியின் சீட்டில் கைவைத்துக்கொண்டு நின்றார். "சரிங்கண்ணா. நீங்க சொன்னா சரிதானுங்க" என்றார். அன்று அவர் போன பிறகு கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் மழையில் அந்தக் கடைசல்காரர் கடை வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு கோணிச்சாக்கு. உள்ளே ஒரு பின்சக்கரம் முழுசாக இருந்தது. அவருடைய சொந்தக்காரர் ஒருவர் நெல்லியாளத்தில் இதே வண்டி வைத்திருந்தாராம். வண்டி போய்விட்டது, சக்கரம் மட்டும் கோழிக்கூண்டு மேல் பாரத்துக்குக் கிடந்ததாம். அது ஞாபகம் வந்து, பஸ் மாறி மாறிப் போய் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் வந்த பிறகு!

"டிரம் தேயவே இல்ல. நல்லாத் தட்டிப் பாத்துட்டேன். வெங்கல மணி மாதிரி சத்தம்" என்றார்.

துண்டை எடுத்துக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னேன். அவ்வளவுதான் முடிந்தது. முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்தான் அதற்குப் பிறகு இவ்வளவு தூரம் போகவும் செய்வார் என்பது அன்று எனக்குப் புரிந்தது. அப்படி ஒருவர் உங்களுக்கும் வாய்க்க வேண்டும். வாய்த்தால், அவர் மறுக்கும்போது என்னைப் போல் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

வண்டியின் பதிவைப் புதுப்பிக்க அலைந்ததை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் முடிந்து, ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. பிரபு காரில் வந்திருந்தான். முகம் இறுக்கமாக இருந்தது. கமலம் ஹெல்மெட் போட்டுக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஜெகதளாவிலிருந்து மேலே எஸ்டேட் காப்பகம் வரை ஏறி, அதே வழியில் இறங்குவது என்று ஏற்பாடு. பிரபு காரில் பின்தொடர்ந்தான்.

கமலம் கிக்கரை உதைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த அம்மா இந்த வண்டிக்குப் புதியவர் அல்ல. ஏற்றத்தில் கியரை எங்கே குறைக்க வேண்டுமோ அங்கே குறைத்தார். மேலே போனதும் காப்பகத்து வாசலில் நின்றிருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

இறங்கும்போதுதான் நான் கவனமாக இருந்தேன். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இறக்கம் ஒரு கண்டம். ஆக்சிலரேட்டரை மூடியபடியே நெடுந்தூரம் இறங்கினால் பெட்ரோல் உள்ளே போகாது. பெட்ரோலோடுதான் எண்ணெய் போக வேண்டும் என்பதால் எண்ணெயும் போகாது. பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கமலம் கிளச்சைப் பிடித்து ஒருமுறை ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டார். கொஞ்ச தூரம் போய் இன்னொருமுறை.

"இதை யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்று காதருகே கத்தினேன்.

"அவருதானுங்க! எறக்கத்துல அதுக்குத் தாகம் எடுக்கும், அப்பப்ப ஒரு வாய் குடுக்கோணும்பாரு!"

ஒரு கொண்டை ஊசி வளைவு. மூடுபனி தேயிலை மேல் இறங்கியிருந்தது. வளைவு திரும்பியதும் நடுரோட்டில் ஒரு காட்டெருமை நின்றது.

கமலம் பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கவில்லை, இழுக்கவில்லை, ஆணி அடித்ததுபோல் நின்றது. அந்த நிமிடத்தில் இன்ஜினும் அணைந்துவிட்டது. காட்டெருமை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. அதன் மூக்கிலிருந்து ஆவி வருவது தெரியும் தூரம்.

எனக்கு இறங்கி ஓடிவிடலாமா என்றுதான் தோன்றியது. அதே நேரத்தில் பின்னால் பிரபுவின் கார் வந்து நின்ற சத்தம். அவன் பயத்தில் ஹாரனை அடித்துவிடுவானோ என்று நான் நடுங்கினேன்.

கமலம் திரும்பிப் பார்க்கவில்லை. காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல், இடதுகையை மட்டும் பின்பக்கமாக நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பொறு என்கிற மாதிரி. "அசையாதீங்கண்ணா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

ஹாரன் அடிக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அப்படியே இருந்தோம். பிறகு மேட்டுத் தேயிலைக்குள்ளிருந்து ஒரு கன்று தத்தித் தத்தி ரோட்டில் இறங்கி, அந்தப் பக்கம் போய் மறைந்தது. அதற்காகத்தான் தாய் நின்றிருக்கிறது. அதுவும் பின்னாலேயே செடிகளை விலக்கிக்கொண்டு இறங்கிப்போனது. கிளைகள் முறியும் சத்தம் அடங்கும்வரை கமலம் காத்திருந்தார். கிக்கரை உதைக்கவில்லை. பிரேக்கை மெல்ல விட்டு, வண்டியைச் சத்தமில்லாமல் உருளவிட்டு, தாண்டி வந்த பிறகு கியரில் போட்டுக் கிளச்சை விட்டார். இன்ஜின் உயிர்பெற்றது.

அந்தச் சரிவில், காலை எடுக்க முடியாத அந்த நேரத்தில், விரிசல் விட்ட டிரம் அடியில் இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். நான் இன்றும் நினைக்கிறேன். கோணிச்சாக்கோடு மழையில் வந்து நின்ற அந்த மனிதரை நினைத்து மனதுக்குள் கும்பிடுகிறேன்.

கொஞ்சம் கீழே, இலை எடைபோடும் கொட்டகை அருகில் கமலம் வண்டியை ஓரங்கட்டினார். பிரபு கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தான்.

"அம்மா... நீ எப்பம்மா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டே?"

"நீ சின்னப்பையனா இருக்கறப்பவே கண்ணு."

"அப்பாதானே ஓட்டுவாரு? நான் ஊட்டு வாசல்ல நின்னு பாத்திருக்கறனே. நீ பின்னாடிதானே உக்காந்துட்டு வருவே?"

கமலம் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவருடைய வீட்டுக்காரர் அப்போது அதே எஸ்டேட்டின் டீ ஃபேக்டரியில் வேலை. இவரும் எஸ்டேட்டில்தான். இருவரும் வேலை முடிந்து சேர்ந்தே திரும்புவார்கள்.

"உங்கப்பனுக்குப் பொழுது சாஞ்சாக் கண்ணு மங்கிரும். சக்கரை முத்திப்போச்சு. அதனால மேலயிருந்து நாந்தான் ஓட்டிட்டு வருவேன். ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி எறங்கி அவரை முன்னாடி உக்கார வெச்சிருவேன். அந்தக் கொஞ்ச தூரம் அவருக்கு மனப்பாடம். நான் பின்னாடி இருந்து காதுல சொல்லிட்டே வருவேன்."

"ஏம்மா? அப்பாவுக்கு வெக்கமா?"

"அவருக்கு ஒரு வெக்கமும் இல்ல. நீயே ஓட்டிட்டுப் போ, எவன் என்ன சொல்றான் பாக்கலாம்னுதான் சொன்னாரு. நாந்தான் ஒத்துக்கல. நீ வாசல்ல நின்னு அப்பா வர்றாரு, அப்பா வர்றாருன்னு குதிப்பே. அது அப்பிடியே இருக்கட்டும்னு இருந்துச்சு."

பிரபு ரோட்டு ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். கமலம் பக்கத்தில் போய் நின்று, அவன் தலையில் கைவைத்தார். "அவரு போனதுக்கப்பறம் பின்னாடி ஆளில்லாம ஓட்ட மனசு வரல. அதான் தார்ப்பாயைப் போத்தி வெச்சேன்" என்றார்.

நான் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டேன். ஒரு மெக்கானிக் இருக்கக்கூடாத இடங்கள் சில உண்டு.

கொஞ்ச நேரம் கழித்து பிரபு என்னிடம் வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கார் சாவியை நீட்டினான்.

"மாமா, நீங்க கார் ஓட்டுவீங்கல்ல?"

"ஓட்டுவேனுங்க தம்பி."

என் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். அவன் போய் அம்மாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். "காலை உள்ளுக்கு வெச்சுக்கோ கண்ணு, சைலென்சர் சுடும்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ஜெகதளாவுக்குள் அவர்கள் அப்படியே போனார்கள். கடை வாசல்களில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் பின்னால் காரில், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனேன்.

நம் தொழிலில் இப்படி ஒரு நாள் கிடைத்தால் போதும். எனக்குக் கிடைத்தது. அதைக் கொடுத்த மூன்று பேரையும் நினைக்காமல் நான் ஒரு காலையிலும் டீ குடிப்பதில்லை.

கமலம் அம்மாவின் வண்டி இப்போது சர்வீஸுக்கு உங்களிடம்தான் வருகிறது. பிளக்கைப் பாருங்கள், கேபிள்களுக்கு எண்ணெய் விடுங்கள், பிரேக்கை ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள். பிரேக் பெடல் மட்டும் மேல்பக்கமாக வளைந்திருக்கும். எங்கேயோ இடித்து வளைந்தது என்று நினைத்து நானும் நிமிர்த்தப் போனேன், அவர் ஓடிவந்து தடுத்தார். அவர் கால் சின்னது, எட்டாது. எட்டவேண்டும் என்று அவருடைய வீட்டுக்காரர் நெருப்பில் காட்டி வளைத்துக் கொடுத்தது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.